கப்பல் பட்டியலிலிருந்து பெயரடைவு: கணினியில் செய்வதும் இணையவழியில் கற்றுத்தருவதும்

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. டர்பன் அமைந்திருந்த நேட்டால் என்ற ஆங்கிலேயர் காலனிக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்களின் வரலாறு அந்தக் கப்பலிலிருந்துதான் தொடங்குகிறது. 1866 முதல் 1874 வரை ஓர் இடைவெளி விழுந்ததைத் தவிர 1911 வரை இந்தக் கப்பல்கள் சென்றுகொண்டே இருந்தன. மொத்தம் 1,52,184 பேர் போய்ச் சேர்ந்தனர், அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடல் அடையாளம் ஆகியவை கப்பல் பட்டியலில் ஒரு வரியாக எழுதப்பட்டன. இன்று டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ வாழும் ஒருவர் தம் கொள்ளுப்பாட்டனின் ஊரைத் தேடும்போது அவருக்குக் கிடைக்கக்கூடிய முதல் தடயம் பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

அந்த வரிகளைக் கணினியில் தேடக்கூடிய பெயரடைவாக மாற்றுவது எப்படி என்பதையும், அந்த வேலையைக் கடல் கடந்து இருப்பவர்களுக்கு இணையவழியில் கற்றுத்தருவது எப்படி என்பதையும் இந்தக் கட்டுரை விளக்குகிறது. எக்செல், கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாள் ஒன்றைத் திறந்து ஒரு வரியைத் தட்டச்சு செய்யத் தெரிந்தால் போதும், மற்றவற்றைப் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பட்டியல்கள் ஏற்கெனவே ஆய்வாளர்களால் கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்தில் அவற்றைப் பார்க்கலாம். எனவே ஒன்றரை லட்சம் பெயர்களையும் புதிதாக ஏற்றப்போகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டியதில்லை. உங்கள் வேலை சிறியதாக இருக்கட்டும்: ஒரே ஒரு கப்பல், அல்லது ஒரே ஒரு தாலுகாவிலிருந்து போனவர்கள். இருக்கும் அடைவுகள் ஆங்கில எழுத்துக்கூட்டலின்படி அமைந்தவை. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு அடையாளம் காணக்கூடிய ஒருவர் சேர்க்கக்கூடியது எதுவோ, அதுதான் அவற்றில் இல்லை.

மேசையை ஒழுங்குசெய்தல்

விலையுயர்ந்த கணினி தேவையில்லை. திரை பெரிதாக இருந்தால் கண்ணுக்கு நல்லது, அவ்வளவுதான். ஆவணத்தின் படம் இடப்பக்கமும் விரிதாள் வலப்பக்கமுமாகத் திரையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசையுடன் இட, வல அம்புக்குறிகளை அழுத்தினால் சன்னல்கள் தாமாக ஒதுங்கும். தமிழில் தட்டச்சு செய்ய, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளமைந்து வரும் தமிழ்99 அல்லது அஞ்சல் விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பழகிய கை என்றாலும், இந்த வேலைக்கு, எல்லாக் கணினிகளும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் யூனிகோடு முறையைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். பாமினியில் அடித்த பெயர் திரையில் தமிழாகத் தெரியுமே ஒழிய, கணினிக்கு அது தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகளின் கூட்டம்.

படக் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது கப்பலின் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் ஒரே வரிசையில் எழுதுங்கள். ட்ரூரோ-1860-003 என்றால் எவருக்கும் புரியும். ஒருமுறை வைத்த பெயரை மாற்றக் கூடாது, ஏனெனில் விரிதாளின் ஒவ்வொரு வரியும் அந்தப் பெயரைத்தான் சுட்டி நிற்கப்போகிறது.

நிரல்கள்

புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, பட்டியலில் இருக்கும் தலைப்புகளை அப்படியே எடுத்து விரிதாளின் தலைப்புகளாக வைப்பது. அதோடு இன்னும் சில நிரல்கள், அதாவது மேலிருந்து கீழே போகும் கட்ட வரிசைகள், தேவை. முதல் மூன்று நிரல்களில் படத்தின் கோப்புப் பெயர், பக்கம், வரி எண் ஆகியவை வரட்டும். வரி எண் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். கணவன், மனைவி, குழந்தைகள் என ஒரே குடும்பத்தினர் பட்டியலில் பெரும்பாலும் அடுத்தடுத்த வரிகளில் வருவார்கள். நீங்கள் பெயர்களை அகரவரிசைப்படுத்திய மறுகணமே அந்தக் குடும்பம் சிதறிவிடும். வரி எண் இருந்தால் ஒரே சொடுக்கில் எல்லாரையும் பழையபடி கூட்டிவிடலாம். அகரவரிசைப்படுத்தும்போது ஒரு நிரலை மட்டும் தேர்ந்தெடுக்காமல் அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன்; வகுப்பெடுக்கத் தொடங்கிய பிறகு, முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, பெயருக்கு இரண்டு நிரல்கள். முதலாவதில் எழுத்தர் எழுதியதை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். தவறாகத் தெரிந்தாலும் திருத்தக் கூடாது. இரண்டாவது நிரலுக்குத் 'தேடற்பெயர்' என்று தலைப்பிட்டு, அந்தப் பெயர் தமிழில் எதுவாக இருக்கக்கூடும் என்று நீங்கள் கருதுவதைத் தமிழில் எழுதுங்கள். முதலாவது ஆவணத்தின் சாட்சியம், இரண்டாவது உங்கள் ஊகம். இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் கலந்துவிட்டால், பின்னால் வருபவர் எது எது என்று பிரித்தறியவே முடியாது. தந்தை பெயருக்கும் ஊருக்கும் இதே போல இரட்டை நிரல்கள் வேண்டும்.

வயது எழுத்தரின் மதிப்பீடாக இருக்கவும் கூடும். 1860 இல் 25 என்று இருந்தால் பிறந்த ஆண்டு 1835 என்று எழுதிவிடாமல், 'சுமார் 1835' என்று தனி நிரலில் குறியுங்கள்.

தட்டச்சு செய்யும்போது

எழுத்தர்கள் ஒரே ஊர் தொடர்ந்து வரும்போது ஒவ்வொரு வரியிலும் அதைத் திரும்ப எழுதுவதில்லை. 'மேற்படி' என்பதற்கான ஆங்கிலச் சுருக்கமாக டி, ஓ என்ற இரண்டு எழுத்துகளைப் போட்டுவிட்டுப் போவார்கள். தாளில் அது நன்றாகத்தான் இருக்கும். விரிதாளில் அப்படியே அடித்து வைத்து, பிறகு பெயர்வாரியாக வரிசைப்படுத்தினால், செங்கல்பட்டுக்காரரின் 'மேற்படி' சேலத்துக்காரரின் கீழே போய் உட்கார்ந்து அவரையும் சேலத்துக்காரராக்கிவிடும். எனவே சுருக்கம் வரும் இடங்களில் மேலிருக்கும் சொல்லை முழுவதுமாக நிரப்பி, சதுர அடைப்புக்குறிக்குள் இடுங்கள். அடைப்புக்குறி இருப்பதால், அது தாளில் எழுதப்படாமல் மேலிருந்து இறக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

வாசிக்க முடியாத ஓர் எழுத்துக்குக் கேள்விக்குறி, பல எழுத்துகளுக்கு நட்சத்திரக்குறி. உலகெங்கும் தன்னார்வலர்களைக் கொண்டு குடும்ப ஆவணங்களை அடைவுசெய்யும் ஃபேமிலிசர்ச் அமைப்பிலும் இதே வழக்கம் இருப்பதால், பிறகு அங்கே வேலை செய்யப் போனாலும் கை பழகியிருக்கும். வெறுமையாக இருக்கும் கட்டத்தையும் வாசிக்க முடியாத கட்டத்தையும் ஒன்றாக்கக் கூடாது; தாளில் ஒன்றும் எழுதப்படவில்லை என்றால் 'வெறுமை' என்றே எழுதுங்கள்.

கணினி நமக்கு உதவுவதாக நினைத்துச் செய்யும் குறும்புகள் சில உண்டு. ஒரு பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்ததும் மேலே முன்பு அடித்த பெயரை எக்செல் தானாக நிரப்பும். நீங்கள் படத்தைப் பார்த்தபடி எண்டரைத் தட்டினால் முத்து முத்துசாமியாகிவிடுவார். அமைப்புகளுக்குள் சென்று இந்தத் தானியங்கி நிரப்பலை முதலில் நிறுத்துங்கள். 1900 ஜனவரி 1 க்கு முந்தைய நாள் எதையும் எக்செல் தேதியாக ஏற்காது. 1860 இன் தேதிகள் அதற்கு வெறும் எழுத்துகள்தான், அவற்றைக் காலவரிசைப்படுத்த முடியாது. இதற்கு எளிய வழி, ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று நிரல்களாகப் பிரித்துவிடுவது. குடிபெயர்வுச் சீட்டுகளில் உயரம் அடி, அங்குலமாக இருக்கும். 5-6 என்று அடித்தால் கணினி அதை மே மாதமாகவோ ஜூன் மாதமாகவோ ஆக்கிவிடும். அடிக்கு ஒன்று, அங்குலத்துக்கு ஒன்று எனத் தனித்தனிக் கட்டங்கள் போடுங்கள்.

பெயர்களின் பாடு

இந்த வேலையில் தமிழ் தெரிந்தவருக்கான இடம் இங்கேதான். சொல்பவர் தமிழில் சொல்ல, எழுத்தர் தம் காதுக்கு எட்டியதை ஆங்கிலத்தில் எழுதினார். தென்னாப்பிரிக்காவில் இன்றும் 'கவெண்டர்' என்று ஒலிக்கும் குடும்பப் பெயர் நம் கவுண்டர், 'மூட்லி' என்பது முதலி, 'படயாச்சி' படையாச்சியேதான். பார்த்ததும் விளங்கிவிடும் இவற்றில் சிக்கலில்லை. எழுத்துக்கூட்டலில்தான் ஆள் தொலைந்துபோகிறார்.

குடும்ப வரலாற்றுத் தேடல்களில் ஒலிப்பு ஒத்த பெயர்களைச் சேர்த்துக் காட்ட சவுண்டெக்ஸ் என்ற முறை பரவலாகப் பயன்படுகிறது. அமெரிக்காவில் 1918 இல் காப்புரிமை பெற்ற முறை அது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மற்ற மெய்களுக்கு எண் தரும்: பி, எஃப், வி போன்றவற்றுக்கு 1, சி, கே, எஸ் போன்றவற்றுக்கு 2, எம், என் இரண்டுக்கும் 5. குப்புசாமியைக் கே என்ற எழுத்தில் தொடங்கி எழுதினால் கே-125 என்று வரும். அதே பெயரை ஓர் எழுத்தர் சி என்று தொடங்கி, இரண்டு ஓ, ஒற்றைப் பி, மீண்டும் இரண்டு ஓ எனக் கூட்டியிருந்தால் சி-125 என்று வரும். எண்கள் ஒன்றாகவே இருந்தும் முதல் எழுத்து வேறாகிவிட்டதால் இரண்டு குப்புசாமிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள். தமிழில் ககரம் ஒன்றே கே, சி, ஜி என்று மூன்று ஆங்கில எழுத்துகளிலும், பகரம் பி என்று ஒலிக்கும் இரு வேறு எழுத்துகளிலும், சகரம் சி-எச், எஸ் இரண்டிலும் தொடங்கக்கூடும் என்பதால், நம் பெயர்களுக்கு இந்த முறை வாசலிலேயே தடுக்கி விழுகிறது. தேடற்பெயர் நிரலில் இரண்டு பேருக்கும் 'குப்புசாமி' என்று எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதிவிடக் கூடாது. 'மூன்சாமி' என்று ஒலிக்கும்படி எழுதப்பட்ட பெயர் முனுசாமியாகவும் இருக்கலாம், முனிசாமியாகவும் இருக்கலாம், முனியசாமியாகவும் இருக்கலாம். உங்கள் ஊரில் எது வழக்கம் என்பது இங்கே சான்றாகாது. மூன்றையும் காற்புள்ளியிட்டு எழுதுங்கள். தேடுபவர் எதை அடித்தாலும் அந்த வரி அகப்படட்டும்.

ஊர்ப் பெயர்களில் அவசரம் கூடாது. பட்டியலில் வட ஆர்க்காடு என்றிருப்பதைக் கண்டதும் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மட்டும் தேடக் கூடாது. 1911 வரை அந்த மாவட்டத்தின் தலைநகரம் சித்தூர், இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கும் பல தாலுகாக்கள் அதில் அடங்கியிருந்தன. ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால், தாலுகாவும் பொருந்தாமல் ஊரை முடிவுசெய்யாதீர்கள்.

தமிழ் எழுத்தில் ஒளிந்திருக்கும் பொறி

தேடற்பெயரைத் தமிழில் எழுதத் தொடங்கியதும் இன்னொரு சிக்கல் வரும். 'கௌரி' என்று ஔகாரக் குறியோடு எழுதலாம்; சிலர் எகரக் கொம்பையும் ளகரத்தையும் போட்டு 'கெளரி' என்று அடித்துவிடுவார்கள். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும் இவை கணினிக்கு வெவ்வேறு பெயர்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. சரி, தவறானதை எல்லாம் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாமே என்று ஒருமுறை நான் எகரக்கொம்பு-ளகரம் வரும் இடங்களையெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வெள்ளையன், வெள்ளைச்சாமி, வெள்ளையம்மாள் அத்தனை பேரும் உருக்குலைந்து கிடந்தார்கள். 'வெள்' என்பதிலும் அதே கொம்பும் அதே ளகரமும் அடுத்தடுத்து வருகின்றன அல்லவா. மாற்றுக் கட்டளையைப் பயன்படுத்தும்போது 'அனைத்தையும் மாற்று' என்பதை அழுத்தாமல், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். துணைக்காலும் ரகரமும், 'ஸ்ரீ' என்பதன் இரண்டு குறியேற்றங்களும் இதே வகைச் சிக்கல்கள்தான்.

கோப்பைப் பிறருக்கு அனுப்பும்போது, கட்டங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் எளிய உரைக்கோப்பான சிஎஸ்வி வடிவம் வேண்டுமென்றால், சேமிக்கும் பெட்டியில் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேரும். மூலக் கோப்பின் ஒரு படியைக் கணினியிலும், ஒன்றை வெளிவட்டிலும், ஒன்றை மேகக் கிடங்கிலும் வைத்திருப்பது போதுமானது.

சாதி நிரல்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டியலில் சாதி என்று ஒரு நிரல் உண்டு. தமிழர்களை 'மலபார்' என்றும் தெலுங்கர்களை 'ஜெண்டூ' என்றும் எழுதியிருப்பதையும், இன்று இழிசொல்லாகிவிட்டவற்றையும் அதில் காண்பீர்கள். ஆவணத்தில் உள்ளதை அழிக்கக் கூடாது என்பதால் எழுத்தர் எழுதியதை அப்படியே பதிவுசெய்யுங்கள். ஆனால் அதற்குத் தமிழ்த் தேடற்சொல் நிரல் வேண்டாம், இன்றைய சாதிப் பெயர்களோடு பொருத்தவும் வேண்டாம். பிறரோடு பகிரும் படியில் அந்த நிரலை மறைத்துவிடுங்கள். கேட்டவருக்கு அவர் குடும்பத்தின் வரியை மட்டும் காட்டலாம். இதில் மாற்றுக்கருத்து உடைய நண்பர்கள் எனக்கு உண்டு. எனினும் இந்த விஷயத்தில் தாராளத்தைவிடக் கட்டுப்பாடே நல்லது என்று நினைக்கிறேன்.

சரிபார்த்தல்

ஒரே பக்கத்தை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் தட்டச்சு செய்து, வேறுபடும் கட்டங்களை மட்டும் மூன்றாமவர் படத்தோடு ஒப்பிடுவது சிறந்த முறை. ஆள் குறைவு என்றால் பத்து வரிக்கு ஒரு வரியை இன்னொருவர் ஒப்பிட்டால் போதும். காலனி எண்ணை மட்டும் எல்லா வரியிலும் ஒப்பிடுங்கள். நேட்டாலில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பு, திருமணச் சான்றுகளில் பெற்றோரின் எண் குறிக்கப்பட்டிருப்பதுண்டு. அந்த எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் வேறொருவரின் ஊருக்கு ஒரு குடும்பத்தை அனுப்பிவைத்துவிடுவோம். சொந்தச் செலவில் பயணம் செய்து போன வணிகர்களுக்கு இந்த எண் கிடையாது, அவர்களை இந்தப் பட்டியலில் தேடுவது வீண்.

இணையவழி வகுப்பு

தென்னாப்பிரிக்கத் தமிழர்களில் பலருக்கு, குறிப்பாக இளையவர்களுக்கு, தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கால ஆங்கிலக் கையெழுத்தை நம்மைவிட அவர்கள் நன்றாகப் படிப்பார்கள். தாத்தா பெயரை வீட்டில் எப்படி அழைத்தார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். எனவே வகுப்பில் ஆசிரியர் ஒருவர், மாணவர் பலர் என்ற ஏற்பாட்டைவிட, அவர்கள் எழுத்தைப் படிக்க நாம் ஒலியைக் கண்டுபிடிப்பது என்ற ஏற்பாடு நன்றாக நடக்கும்.

நேரம் குறிக்கும்போது இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதை நினைவில் வையுங்கள்: நமக்குச் சனிக்கிழமை மாலை 5.30 என்றால் டர்பனில் பிற்பகல் 2 மணி. அழைப்பில் இரண்டு நேரங்களையும் எழுதிவிடுங்கள். ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பேசும் இலவச கூகுள் மீட் 60 நிமிடம் வரை நீடிக்கும். நாற்பது நிமிடம் என்பது குறை என்று தோன்றலாம், எனக்கு அது வசதியாகவே இருக்கிறது. அதற்கு மேல் பழைய கையெழுத்தைப் பார்த்தால் கண் தளர்ந்துவிடும். ஒரு வகுப்பில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம்.

படங்களை முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், ஆனால் புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக இணையுங்கள். புகைப்படமாகப் போனால் செயலி அதைச் சுருக்கிவிடும். பெரிதாக்கிப் பார்க்கும்போது எழுத்து கரைந்து, யூ, என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஒன்றாகிவிடும்.

வகுப்பில் திரையைப் பகிர வேண்டியவர் கற்பவர்தான். நீங்கள் உங்கள் திரையில் வேகமாகச் செய்துகாட்டினால் எல்லாரும் தலையசைப்பார்கள், அடுத்த வாரம் யாருக்கும் கை வராது. ஒருவரைத் திரை பகிரச் சொல்லி, ஒரே ஒரு வரியை அவர் வாயால் உரக்கப் படித்தபடி தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்; மற்றவர்கள் படத்தைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள். பெரியவர் ஒருவர் சுட்டியைத் தேடித் திணறும்போது, தொலைவிலிருந்து அவர் கணினியைக் கட்டுப்படுத்தும் வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதைத் தொடாதீர்கள். 'அம்மா, மேலே இடது மூலையில் பச்சையாக ஒன்று தெரிகிறதா?' என்று கேட்டுக் காத்திருங்கள். வாக்கியங்களைச் சிறிதாக்கி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொடுக்கைச் சொல்லுங்கள். ஒலி தெளிவாக இருக்க, இணைய வேகம் குறையும்போது முகம் காட்டும் காணொளியை எல்லாரும் அணைத்துவிடலாம், திரைப்பகிர்வு மட்டும் ஓடினால் போதும்.

வீட்டுப்பாடமாகப் பத்து வரிகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் விரிதாளில் தனித் தாளை ஒதுக்கி, கடைசி நிரலில் அவர் பெயரின் முதலெழுத்தைப் போடச் சொன்னால், பின்னர் ஒரு வரியில் ஐயம் எழும்போது யாரைக் கேட்பது என்று தெரியும். கூகுள் ஷீட்ஸில் ஒவ்வொரு மாற்றமும் அப்போதைக்கப்போது சேமிக்கப்படுவதால், வகுப்பின் நடுவே டர்பனிலோ இங்கேயோ மின்சாரம் போனாலும் வேலை போகாது. மின்சாரம் வந்ததும் கடைசியாக நிரப்பிய வரி எண்ணைப் பார்த்து, அதற்கு அடுத்த வரியைப் படிக்கச் சொல்லித் தொடரலாம்.